செம்பூர் பழைய குடியிருப்பில் வீடியோ காலிங் பெல்: பழைய மணியின் வயரிலேயே இணைக்கலாமா?

செம்பூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செம்பூர் சேடா நகரில், மூன்றாவது மாடி வீடொன்றில் என் பெற்றோர் இருவர் மட்டும் வசிக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 76, அம்மாவுக்கு 71. நான் தானேயில் இருக்கிறேன். வாரம் ஒருமுறைதான் போய்வர முடிகிறது. சென்ற மாதம் ஒரு பிற்பகலில், அப்பா உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், எரிவாயுக் குழாயைச் சோதிக்க வந்திருப்பதாகச் சொல்லி ஒருவர் மணியடித்திருக்கிறார். அம்மா சேஃப்டி டோரையும் திறந்து, அடுக்களை வரை அவரை அழைத்துப் போய்விட்டார். எதிர்வீட்டு மாமி தற்செயலாக எட்டிப் பார்த்து அடையாள அட்டையைக் கேட்டதும், அதைக் கீழே வண்டியில் வைத்திருப்பதாகச் சொல்லி இறங்கிப் போனவர் திரும்பி வரவேயில்லை. வீட்டில் எதுவும் களவு போகவில்லை. ஆனால் அன்று முதல் மணியோசை கேட்டாலே அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்கிறார்.

இதைக் கேள்விப்பட்ட என் அண்ணன், நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு நண்பரிடம் வீடியோ காலிங் பெல் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறான். அது வயரில் இணைக்கும் வகை, பேட்டரி கிடையாது. அதன் முதுகில் 16 முதல் 24 வோல்ட் ஏ.சி. என்றும், 10 முதல் 40 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், மின்திறன் அளவு) என்றும் அச்சிட்டிருக்கிறது. அண்ணன் தன் வீட்டில் பழைய மணியின் இரண்டு வயர்களைக் கழற்றி இதில் மாட்டியதாகவும், அது அரை மணி நேர வேலைதான் என்றும் சொல்கிறான். எங்கள் பகுதி வயர்மேனும் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இரண்டு வயர்தானே, பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு இதை மாட்டிவிடலாம்" என்கிறார். அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருக்கிறது.

மாட்டுவதற்கு முன் மூன்று ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். இந்தப் பொருள் நம் ஊர் மின் இணைப்புக்கு ஒத்துவருமா? ஒத்துவராவிட்டால் இங்கே எதை வாங்குவது, அதில் எதைப் பார்த்து வாங்குவது? எங்கள் கதவுக்கும் எதிர்வீட்டுக் கதவுக்கும் இடையே ஐந்தடிதான் இருக்கிறது. அவர்கள் வீட்டைப் படமெடுப்பதாக ஆகிவிடுமா?

முலுண்ட் மின்பொறியாளர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, முதல் வேலையாக அந்த வயர்மேனைத் தொலைபேசியில் அழைத்து, ஞாயிற்றுக்கிழமை எதையும் மாட்ட வேண்டாம், திறந்து பார்த்தால் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் அண்ணன் சொன்னது அவருடைய வீட்டுக்குச் சரி. அமெரிக்க வீடுகளில் காலிங் பெல்லுக்கென்றே ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அங்குள்ள 120 வோல்ட் அதன் வழியாக 16 வோல்ட் அளவுக்குக் குறைந்து, மெல்லிய இரண்டு வயர்களில் வாசலுக்குப் போகும். நம் ஊரில் அந்த ஏற்பாடே கிடையாது. மின்விசிறிக்கும் விளக்கிற்கும் போகும் அதே 230 வோல்ட்தான் காலிங் பெல் சுவிட்சுக்குள்ளும் வருகிறது. 24 வோல்ட்டைத் தாங்கும் பொருளுக்கு 230 வோல்ட்டைக் கொடுத்தால் அது மாட்டிய நொடியிலேயே புகைந்துவிடும். புகைந்தால் பொருளோடு போயிற்று; அதன் உலோகப் பின்தட்டில் மின்சாரம் இறங்கி, மழைக்கால ஈரக்கையோடு பால்காரர் அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

இரண்டாவது சிக்கல் பலருக்குத் தோன்றுவதில்லை. நம் வீடுகளில் அந்தச் சுவிட்சுக்குள் இரண்டு வயர் வருகிறது என்பதால் அங்கே ஃபேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) இருப்பதாகப் பொருளில்லை. ஒரே கம்பியை வெட்டி நடுவில் சுவிட்சை வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் வருவது மறுமுனையில் மணிக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆகையால் இந்தியாவிலேயே விற்கும், 230 வோல்ட்டைத் தாங்கும் வீடியோ பெல்லை வாங்கினாலும், அந்த இடத்துக்கு இன்னொரு வயரைப் புதிதாக இழுக்காமல் அது இயங்காது. எப்படியும் வயர் இழுக்கத்தான் வேண்டும் என்னும்போது, எந்த வயரை இழுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. கேமராவின் தரத்தைப் பிறகு பேசலாம்.

அண்ணன் அனுப்பியதைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் வழி இருக்கிறது. வீட்டின் மின் பாதுகாப்புச் சுவிட்சுகள் இருக்கும் எம்.சி.பி. பெட்டிக்குள் 230 வோல்ட்டை 24 வோல்ட்டாகக் குறைக்கும் பெல் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்து தனிக் குழாயில் வாசலுக்கு வயர் கொண்டுபோக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் 30 வி.ஏ.வுக்குக் குறையாமல் இருக்கட்டும். பகலில் நன்றாக இயங்கிவிட்டு, இருட்டில் படமெடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்கு இரவில் எரியத் தொடங்கியதும் தானாக அணைந்து அணைந்து எழும் பெல்களில் பெரும்பாலும் குற்றம் டிரான்ஸ்ஃபார்மரிடம்தான் இருக்கும். வயரின் தடிமனையும் கவனியுங்கள். தொலைபேசிக்கு இழுக்கும் 0.4 மில்லிமீட்டர் கம்பியில் எட்டு மீட்டர் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 2.2 ஓம் தடை சேர்கிறது, 0.6 ஆம்பியர் ஓடும்போது 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வாசலில் கிடைப்பது 14.7 வோல்ட், உங்கள் பொருளின் கீழ் எல்லையே 16. அதனால்தான் 24 வோல்ட் என்கிறேன். 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இந்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. அமெரிக்க ஏற்பாட்டில் உள்ளே ஒலிக்கும் மணியின் சுருளும் அதே சுற்றில் தொடராக இருக்கும். அந்த மணி இல்லாமல் நேரடியாக டிரான்ஸ்ஃபார்மரில் இணைத்தால், சில மாதிரிகளில் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் குறுக்குச் சுற்றாகிவிடும் (ஷார்ட் சர்க்யூட்). அவற்றுக்குத் தயாரிப்பாளரே 25 ஓம், 50 வாட் தடையொன்றைத் தொடரில் சேர்க்கச் சொல்கிறார். கையேட்டில் உங்கள் மாதிரிக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். மற்றொன்று வைஃபை. அமெரிக்காவுக்காகச் செய்த கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் பொதுவாக 1 முதல் 11 வரையிலான அலைவரிசைகளை மட்டுமே பார்க்கும். இங்குள்ள ரவுட்டர் தானாக 12 அல்லது 13-க்குத் தாவினால் பெல் காணாமல் போன மாதிரி இருக்கும். ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றில் நிறுத்திவிட்டால் போதும்.

இத்தனை பாடுபடுவதற்குப் பதில், என் பரிந்துரை பி.ஓ.ஈ. (பவர் ஓவர் ஈதர்நெட்) வகை. ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் போகும். 802.3 ஏ.எஃப். என்னும் அதன் தரத்தில் 48 வோல்ட் அளவில் நேர்மின்சாரம், கருவிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 13 வாட், கேபிள் நீளம் 100 மீட்டர் வரை. ரவுட்டருக்கு அருகில் ஒரு சிறிய பி.ஓ.ஈ. சுவிட்ச் (கேபிளுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), இரண்டுக்கும் சேர்த்து ஒரு சிறிய யு.பி.எஸ். மும்பையில் மின்சாரம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். போகாது என்கிற நம்பிக்கையில்தான் இங்கே யார் வீட்டிலும் இன்வெர்ட்டர் இல்லை. 2020 அக்டோபர் 12 அன்று மின்சாரம் போய் ரயிலெல்லாம் நின்றபோது காலிங் பெல்லும் நின்றது.

செம்பூர் வாசகி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடி வயர்மேனைத் திறந்து பார்க்க மட்டும் சொன்னேன். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

தட்டைக் கழற்றியபோது உள்ளே கரப்பான் முட்டையும் காய்ந்த சுண்ணாம்பும் விழுந்தன. இரண்டு வயர்களும் ஒரே சிவப்பு நிறம். ஒன்றில் மட்டும் துணி டேப் சுற்றியிருந்தது. டேப் சுற்றிய முனையில் டெஸ்டரை வைத்தபோது விளக்கு எரிந்தது, மற்றதில் எரியவில்லை. "இதுதான் ஃபேஸ், அது மணிக்குப் போகிறது" என்றார் வயர்மேன். எனக்கு ஏதோ தோன்ற, கூடத்தில் கதவுக்கு மேலே இருக்கும் மணியின் வயரைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்க்கச் சொன்னேன். அப்போது வாசல் சுவிட்சில் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரியவில்லை. வயர்மேன் தலையைச் சொறிந்துகொண்டு, "பழைய பில்டிங் அம்மா" என்றார். இதற்கு என்ன பொருள்?

முலுண்ட் மின்பொறியாளர் (ஓய்வு) எழுதியது:

மணியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னீர்களே, அது நல்ல யோசனை. உங்கள் வீட்டில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் இருக்கிறது. ஃபேஸ் நேராக மணிக்குப் போய், மணியின் சுருள் வழியாக வாசல் சுவிட்சுக்கு வந்து நிற்கிறது. டெஸ்டர் எரிய மிகச் சிறிய மின்னோட்டம் போதும் என்பதால் சுருள் வழியாக வந்ததும் அங்கே எரிந்தது. மணியைக் கழற்றியதும் அந்தப் பாதை அறுந்தது. முறைப்படி ஃபேஸைத்தான் சுவிட்சால் வெட்ட வேண்டும். இப்போதுள்ள நிலையில் யாரும் மணியடிக்காத நேரத்திலும் மணிக்குள் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கிறது. சுவிட்சை நம்பி யாராவது மணியைத் துடைக்கப் போனால் அடிபடும். புதிய வேலையோடு சேர்த்து இதையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். எம்.சி.பி. பெட்டியில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள்.

பழைய மணியைத் தூக்கி எறிய வேண்டாம். வீடியோ பெல்லோ இணையமோ என்றைக்காவது கோளாறு செய்தால், வாசலில் அழுத்தினால் உள்ளே ஒலிக்கும் ஒரு பொருளாவது இருக்கட்டும்.

மாட்டுங்கா வாசி எழுதியது:

மின் இணைப்பைப் பற்றி ஐயா சொன்னதற்குமேல் சேர்க்க ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டுகளாக என் மாமனார் வீட்டில் பி.ஓ.ஈ. பெல் ஒன்றை வைத்திருப்பவன் என்ற முறையில், கேமராவைப் பற்றியும் முதியவர்கள் அதைப் பயன்படுத்துவதைப் பற்றியும் சொல்கிறேன்.

கடைக்காரர்கள் பேச்சைத் தொடங்குவதே 2கே, 4கே என்ற படத் துல்லியத்தில்தான். உங்கள் ஐந்தடி நடைபாதைக்கு அது தேவையில்லை என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐ.இ.சி. 62676-4 என்ற பன்னாட்டுத் தரத்தின் 2014 பதிப்பில், முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண மீட்டருக்கு 250 படப்புள்ளிகள் வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். 160 டிகிரி அகலத்தில் பார்க்கும் 1080பி கேமராவுக்கு அகலவாக்கில் 1920 புள்ளிகள், டிகிரிக்கு 12. நடுப்பகுதியில், ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவர் மேல் மீட்டருக்கு 690 புள்ளிகள் அளவில் விழும். இரண்டே முக்கால் மீட்டர் வரை 250-க்குக் குறையாது. உங்கள் மாடியில் அதற்குள் எதிர்ச்சுவரே வந்துவிடுகிறது.

பார்க்க வேண்டியது வேறு மூன்று. முதலாவது, படத்தின் உயரவாக்குப் பரப்பு. அகலமாக மட்டும் பார்க்கும் கேமராவில் வந்தவரின் முகம் தெரியும், காலடியில் வைத்துவிட்டுப் போன பொட்டலம் தெரியாது. உயரவாக்கில் நீண்ட படம் தருவதை, அல்லது சதுரப் படம் தருவதை வாங்குங்கள். இரண்டாவது, எதிரொளியைச் சமாளிக்கும் திறன். பழைய மும்பைக் கட்டடங்களில் மாடிப்படிக்குச் சிமெண்ட் ஜாலி வைத்திருப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு அதன் வழியாக வெயில் வரும்போது, கதவெதிரே நிற்பவரின் முகம் கரித்துண்டு மாதிரி ஆகிவிடும். இந்த வசதியைக் குறிக்கும் டபிள்யூ.டி.ஆர். என்ற சொல்லைப் பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. அந்த வெயில் நேரத்திலேயே ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகு ஆணி அடிக்க வேண்டும். நாங்கள் மாலையில் மாட்டிவிட்டு மறுநாள் காலையில் வருந்தினோம்.

மூன்றாவதைத்தான் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மாட்டிய முதல் இரவில் திரை முழுவதும் வெண்புகை சூழ்ந்த மாதிரி இருந்தது. கேமரா கெட்டுவிட்டது என்று கடையில் போய்ச் சண்டை போடாத குறை. பிறகு பார்த்தால், சேஃப்டி டோரின் எஃகுக் கம்பி வெளியே திறந்து நிற்கும்போது கேமராவுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிடுகிறது. அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பி லென்ஸை நிரப்பிவிடுகிறது. பளபளப்பான கிரானைட் நிலையும் பித்தளைப் பெயர்ப்பலகையும் இதே வேலையைச் செய்யும். சேஃப்டி டோரின் கீல் இல்லாத பக்கச் சுவரில், தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரத்தில் மாற்றி வைத்தோம். நடையில் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை இரவு முழுவதும் எரியவிட்டு அகச்சிவப்பை நிறுத்திவிட்டோம். இப்போது இரவிலும் சட்டையின் நிறம் தெரிகிறது.

அடுத்தது யார் பார்ப்பது என்பது. வீடியோ பெல் என்றால் எல்லாரும் கைப்பேசிச் செயலியைத்தான் நினைக்கிறார்கள். என் மாமனாருக்கு மணியோசை கேட்டதும் கண்ணாடியைத் தேடி, கைப்பேசியைத் தேடி, அதைத் திறந்து, செயலியின் அறிவிப்பை அழுத்துவதற்குள் வந்தவர் இரண்டு மாடி இறங்கிவிடுவார். கடைசியில் அவர் எப்போதும்போல் கதவைத் திறந்துதான் பார்த்தார். அதன் பிறகு உள்ளே கூடத்துச் சுவரில் ஏழு அங்குலத் திரையொன்றை மாட்டினோம். வாசலில் அழுத்தியதும் அது தானாக ஒளிர்ந்து ஆளைக் காட்டுகிறது. பேசுவதற்கு ஒரே பொத்தான். அன்றிலிருந்துதான் அந்தக் கருவி பயன்பாட்டுக்கு வந்தது என்று சொல்ல வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணத்தின் தொடக்கமே உள்ளே இருக்கும் திரைதான். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், வீட்டில் தனியாக இருக்கும் நேரத்தில் கதவைத் தட்டுபவர் யார் என்று எழுந்து போகாமலே பார்க்க வேண்டும் என்பதற்காக, கதவில் கேமராவும் உள்ளே தொலைக்காட்சித் திரையுமாக ஓர் அமைப்பைத் தம் கணவரோடு சேர்ந்து வகுத்தார். 1966-இல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார்கள். வெளியூரில் இருக்கும் மகளுக்காக அது செய்யப்படவில்லை. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்காகச் செய்யப்பட்டது. நீங்களும் அந்த வரிசையில் யோசியுங்கள்: முதலில் அம்மாவின் திரை, பிறகு உங்கள் செயலி.

சயான் பயனர் எழுதியது:

சுவரை இடித்து வயர் இழுப்பதைவிடப் பேட்டரியில் இயங்கும் பெல் ஒன்றை வாங்கி ஒட்டிவிட்டால் வேலை முடிந்ததே? எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

முலுண்ட் மின்பொறியாளர் (ஓய்வு) எழுதியது:

முடிந்துவிடும், ஆனால் அது தூங்கி விழிக்கும் கருவி. பேட்டரியைச் சேமிக்க வேண்டியிருப்பதால், ஆள் அசைவு தெரிந்த பிறகே கேமரா விழித்துக்கொள்ளும்; முதல் சில நொடிகள் பதிவில் இல்லாமல் போகலாம். மாடிப்படியில் நாள் முழுவதும் ஆட்கள் ஏறி இறங்கும் இடத்தில் பேட்டரியும் விரைவில் தீர்ந்துவிடும். அதைக் கழற்றிச் சார்ஜ் செய்ய 76 வயதுக்காரரை நாற்காலிமேல் ஏறவிடுவது எனக்குச் சம்மதமில்லை. வாடகை வீடாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. ஆகும், 128 ஜி.பி. அட்டையில் ஆறு நாள்கூட முழுதாக நிற்காது. அதற்குமேல் அட்டை வெளிப்பெட்டிக்குள்ளேயே இருந்தால், திருடன் பெட்டியைப் பெயர்த்துக்கொண்டு போகும்போது சாட்சியையும் கூடவே எடுத்துப் போகிறான். உள்ளே வைக்கும் திரையிலோ தனிப் பதிவுப் பெட்டியிலோ சேமிக்கும் வகையைப் பாருங்கள். வெவ்வேறு நிறுவனக் கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கான ஆன்விஃப் தரத்துக்கு ஒத்துப்போகிறதா என்று கேட்டால் பிறகு வேறு நிறுவனத்தின் பதிவுப் பெட்டியோடும் சேர்க்கலாம். எல்லாவற்றையும் நிறுவனத்தின் சர்வருக்கே அனுப்பும் வகையென்றால், அங்கே யார் பார்க்க முடியும் என்பதும் நம் கவலைதான். ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் அந்தரங்கப் படங்களைப் பார்க்க முடிந்தது என்ற குற்றச்சாட்டில், வீடியோ பெல் விற்கும் ரிங் நிறுவனம் 58 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 மே மாதம் அறிவித்தது. இந்தியாவில் விற்கும் சி.சி.டி.வி. கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் 9 முதல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நீங்கள் வாங்கும் மாதிரி அந்தச் சோதனையில் தேறியதா என்று விற்பவரிடம் கேளுங்கள். கேள்வியே புரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

பி.ஓ.ஈ.க்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் வீட்டு நெட்வொர்க் கேபிளின் ஒரு முனை கதவுக்கு வெளியே இருக்கப்போகிறது. பெல்லைக் கழற்றி அந்த முனையில் மடிக்கணினியை இணைப்பவர் உங்கள் வீட்டு இணையத்துக்குள் வந்துவிடலாம். பெல்லைத் தனி வலையில் பிரித்துவைக்க முடிகிற ரவுட்டராக இருந்தால் நல்லது.

காட்கோபர் சொசைட்டி செயலாளர் எழுதியது:

எதிர்வீட்டைப் பற்றி வாசகி கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் நான்கு ஆண்டுகளாகச் செயலாளராக இருந்து, இந்த ஒரே விஷயத்துக்காக மூன்று கூட்டங்களில் சத்தம் கேட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது என்று 3-ஆவது பிரிவிலேயே விலக்கு அளித்திருக்கிறது. அதைக் காட்டி, "என் கதவு, என் கேமரா" என்று வாதிட்டவர்கள் எங்களிடமும் உண்டு. ஆனால் கதவுக்கு வெளியே இருக்கும் நடை உங்களுடையது அன்று, சொசைட்டியுடையது. அங்கே ஆணி அடிக்கவும் குழாய் இழுக்கவும் குழுவின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகு, எதிர்வீட்டார் ஆட்சேபித்தால் அதை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது.

என் அனுபவத்தில் சண்டை படத்தால் வருவதைவிட ஒலியால் வருவதே மிகுதி. மாடிப்படியில் நின்று மருமகளைப் பற்றிப் பேசியது எதிர்வீட்டுக் கேமராவில் பதிவாகியிருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அந்தத் தளத்தில் பொங்கல் பரிமாற்றம் நின்றுவிடும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒரு வீடியோ பெல் வழக்கில், கருவி தொலைதூரப் பேச்சையும் பதிவு செய்ததைத்தான் கடுமையாகக் கண்டித்தது. நம்மை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் சண்டை எங்கே தொடங்குகிறது என்பது அங்கும் இங்கும் ஒன்றுதான். ஆகையால் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, பொத்தானை அழுத்தும்போது பேசுவதற்கு மட்டும் மைக்கை இயக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்வீட்டுக் கதவு விழும் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதியும் பல மாதிரிகளில் உண்டு. மாட்டிய பிறகு எதிர்வீட்டாரை உள்ளே அழைத்துத் திரையைக் காட்டுங்கள். நான் செயலாளராக இருந்த காலத்தில் இப்படிக் காட்டிய வீடுகளிலிருந்து புகார் வந்ததில்லை.

காவல் நிலையத்துக்குப் பதிவைக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், வாட்ஸாப்பில் அனுப்பிய நகலை மட்டும் நம்பி மூலத்தை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) தரவேண்டும். சுழற்சியில் அழிவதற்கு முன் மூலக் கோப்பைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சென்ற ஞாயிறு போய் எடுத்த முடிவுகளை எழுதுகிறேன்.

அண்ணன் அனுப்பியதைத் திருப்பி அனுப்புகிறேன்; அவன் முகம் கொஞ்சம் வாடியது, 230 வோல்ட் கணக்கைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. பி.ஓ.ஈ. வெளிப்பெட்டியும் ஏழு அங்குல உள்திரையும் கொண்ட தொகுப்பு ஒன்றை வாங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். பதிவு உள்திரையில் இருக்கும் அட்டையில் சேரும். ஆர்.சி.சி.பி. எங்கள் பெட்டியில் இல்லை. அதையும் மணியின் ஃபேஸையும் அதே நாளில் சரிசெய்ய வயர்மேன் ஒப்புக்கொண்டார்.

மாட்டுங்கா அன்பர் சொன்னபடி காலை ஒன்பது மணிக்கு, என் கைப்பேசியை 120 சென்டிமீட்டர் உயரத்தில் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்துப் பார்த்தேன். கீல் இருக்கும் பக்கத்தில் ஜாலி நேர் எதிரே வந்து, அம்மாவின் முகம் முழுக்கக் கறுத்துவிட்டது. மறுபக்கச் சுவரில் வைத்தபோது வெயில் பக்கவாட்டில் விழுந்து முகம் தெளிவாக வந்தது. எதிர்வீட்டின் செருப்பு அலமாரியும் பாதிக் கதவும் மட்டும் தெரிந்தன. அந்தப் படத்தை மாமியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, கதவை மறைத்துவிடு, அலமாரி தெரிந்தால் பரவாயில்லை, போன மாதம் பேரனின் ஷூ காணாமல் போனது என்றார். ஒலிப்பதிவை நிறுத்துவதாகவும் எழுதிக் குழுவுக்குக் கடிதம் கொடுத்தாயிற்று.

ஒரே ஓர் ஐயம். கூடத்து ரவுட்டரிலிருந்து வாசலுக்குப் பதினொரு மீட்டர். பழைய மணியின் குழாய் அதே வழியில் போவதால், நெட்வொர்க் கேபிளையும் அதற்குள்ளேயே நுழைத்துவிட்டால் சுவரை வெட்ட வேண்டாம் என்கிறார் வயர்மேன். செய்யலாமா?

முலுண்ட் மின்பொறியாளர் (ஓய்வு) எழுதியது:

கூடாது. 230 வோல்ட் வயரும் நெட்வொர்க் கேபிளும் ஒரே குழாயில் போகக்கூடாது. பழைய வயரின் உறை எங்காவது வெடித்திருந்தால் அந்த மின்சாரம் கேபிள் வழியாக வாசல் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் வந்துவிடும். சுவரை வெட்ட மனமில்லையென்றால் கதவு நிலைக்கு மேலாகத் தனி பி.வி.சி. கேசிங் பட்டி அடித்துக் கொண்டுபோங்கள். மின் வயரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும், கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கட்டும். கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிளை விலை குறைவு என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், பி.ஓ.ஈ.க்கு அது ஆகாது. வெளிச்சுவரில் துளை போடும்போது உள்ளிருந்து வெளியே சற்றுத் தாழ்வாகச் சரிவு கொடுக்கச் சொல்லுங்கள், ஜாலி வழியாகச் சாரல் அடித்தாலும் நீர் உள்ளே வராது. துளையை அடைப்பதற்கு முன் கேபிளோடு ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து விட்டுவைத்தால், பின்னால் இன்னொரு கேபிள் தேவைப்படும்போது இழுத்துக்கொள்ளலாம்.